பாட்டுப் போடற அப்பா

தம்பி, அந்த பென்டிரைவை அப்படிக் கையில இறுக்கிப் புடிக்காதீங்க. வேர்வை எறங்குனா செத்துப்போயிரும். சட்டைப் பையில போடுங்க. மேல் பையில. ஆங், அதுதான். முதல் தடவைங்களா? பாத்தாலே தெரியுதுங்க. முதல் தடவை வர்ற அப்பனுக எல்லாம் இப்படித்தான், குழந்தையைப் புடிக்கறதை வுட்டுப்போட்டு பென்டிரைவைப் புடிச்சுக்கிட்டு நிப்பாங்க. உக்காருங்க. இந்த ஸ்பீக்கர் பொட்டி மேலயே உக்காரலாம், சவுண்ட்காரர் ஒண்ணும் சொல்லமாட்டாரு, நமக்கு வேண்டியவருதான்.

பாப்பா பேரு என்னங்க? மிதுனாவா. நல்ல பேரு. நம்பர் என்ன குடுத்திருக்காங்க? அட, அதுக்கு இன்னும் பொழுது கெடக்குது. சப்-ஜூனியர் முடியவே பத்தரை ஆயிரும். பாப்பா அம்மாகூட மேக்கப் ரூம்ல இருக்குதா? இருக்கட்டும், இருக்கட்டும்.

நானுங்களா? எம் பொண்ணு இன்னிக்கு ஆடலீங்க. எம் பொண்ணு ஊர்லயே இல்லை. சும்மாதான் வந்தேன். ஞாயித்துக்கிழமை கடை லீவு. மோட்டார் காயில் கட்டற கடைங்க, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, சிகாமணி கடைன்னு கேட்டா சொல்லுவாங்க. முழுப்பேரு தெய்வசிகாமணி. ஆனா இந்த டான்ஸ் உலகத்துல அந்தப் பேரு ஒருத்தருக்கும் தெரியாது. இங்க நான் நித்திலா அப்பா. இன்னுஞ் சொல்லப்போனா, பாட்டுப் போடற அப்பா.

இதுல ஒரு சூட்சுமம் இருக்குதுங்க தம்பி. ஒரு பென்டிரைவுல ஒரே ஒரு பாட்டுத்தான் இருக்கோணும். உங்களுதுல எத்தனை இருக்குது? ஒண்ணுதானா? கெட்டிக்காரருங்க நீங்க. நாமக்கல்ல ஒரு தடவை ஒரு அப்பா வந்தாரு, தங்கமான மனுசன். அவரு பென்டிரைவுல புள்ளையோட அலாரிப்பும் இருந்துச்சு, அவரு தம்பி வார்டு எலெக்சன்ல நின்னப்ப ஆட்டோவுல போட்ட பேச்சும் இருந்துச்சு. சவுண்ட்காரர் முதல்ல இருந்ததைத் தட்டிவுட்டாரு. குழந்தை நமஸ்காரம் பண்ணி நிக்குது, 'அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே'ன்னு மண்டபமே அதிருது. அந்தப் புள்ளையைப் பாருங்க, பயப்படவே இல்லை. ரெண்டு வரி அதுக்கே கண்ணை உருட்டி ஆடிப்போட்டுத்தான் நின்னுச்சு.

அப்பறம், பாட்டை எப்பத் தட்டிவுடறதுங்கறது. குழந்தை வந்து கும்புட்டு நடுவுல நிக்கும். உடனே தட்டிறக்கூடாது. மூச்சு வாங்கி வுடட்டும். எம் பொண்ணும் நானும் அதுல ஒரு ஏற்பாடு வெச்சிருந்தோம். அவ வலது கண்ணை லேசா இப்படிச் சுருக்குவா. நான் தட்டுவேன். எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும், அவங்க அம்மாவுக்கே தெரியாது. அஞ்சு வயசுல இருந்து பிளஸ் டூ முடிக்கற வரைக்கும் ஒரு புரோகிராம் நான் வுட்டதில்லீங்க. எம் மச்சினன் கல்யாணத்துல முகூர்த்த நேரத்துல ஆளைக் காணோம்னு தேடிருக்காங்க. நான் ஈரோட்டுல ஸ்டேஜு ஓரத்துல நின்னுட்டிருக்கேன். மச்சினன் இன்னிக்கும் சரியாப் பேசறதில்லை.

ஒரே ஒரு தடவைதான் சோதனை வந்துச்சு. சேலத்துல. அவ நாலாங் கிளாஸ் படிக்கறா. நல்லா ஆடிக்கிட்டே இருக்கறப்ப இடது காலு சலங்கை வாரு அந்து, அந்தச் சலங்கை பறந்து போயி ஜட்ஜுக மேசைகிட்ட வுழுந்துருச்சு. புள்ள அப்படியே நின்னுபோச்சு. நின்னு என்னையப் பாக்கறா. நான் இங்கிருந்து, ஆடு கண்ணு, ஆடுன்னு கையைக் காட்டறேன். பாட்டு அது பாட்டுக்குப் போயிக்கிட்டே இருக்குது. சவுண்ட்காரர் நிறுத்தட்டுங்களாங்கறாரு. தொடாதீங்கன்னுட்டேன். நிறுத்துனா அவுட்டுங்க தம்பி, அதுதான் ரூல்சு. திருப்பிப் போடமாட்டாங்க. கடைசியில அவளே ஓடிப்போயி பாட்டைப் புடிச்சுட்டா. ரெண்டாம் பரிசு. என்ன ஆனாலும் பாட்டை நிறுத்தாத மனுசன்னு அன்னில இருந்து டீச்சர்களுக்கு எல்லாம் எம்மேல ஒரு மரியாதை.

டீ சாப்புடறீங்களா? வேண்டாமா. செரி.

போன வருசம் பிளஸ் டூ முடிச்சா. நல்ல மார்க்குங்க. சொந்தக்காரங்க எல்லாம் சி.ஏ. படிக்க வைங்க, பேங்க் பரீட்சை எழுத வைங்கன்னாங்க. இவ, 'அப்பா, நான் டான்ஸ்லயே டிகிரி பண்றேன்'னா. நான் உடனே செரின்னுட்டேன். நீங்க நம்பமாட்டீங்க. எத்தனை அப்பனுக குதிப்பாங்க, ஆடி என்னத்தச் சம்பாதிப்பேன்னு. நான் அந்த மாதிரி ஆளு இல்லீங்க. பொண்ணு விருப்பம்தான் எனக்கு. அவ எதைச் சொன்னாலும் நான் குறுக்க நிக்கறதே இல்லை. எந்தக் காலேஜுங்கறதை மட்டும் நான் பாத்துக்கறேன்னு சொன்னேன், அவ்வளவுதான்.

மத்தவங்க காலேஜுக்குப் போனா பாஸ் பர்சன்டேஜ் கேப்பாங்க, வேலை கெடைக்குமான்னு கேப்பாங்க. நான் நேரா ஆடிட்டோரியத்துக்குப் போவேன். மைக்செட்டு எப்படின்னு பாப்பேன். டான்ஸுக்கு அதுதானுங்களே உசுரு.

நம்ம கரூர் பைபாஸ்லயே ஒரு லேடீஸ் காலேஜ் இருக்குது. எங்கூட்ல இருந்து வண்டியில கால் மணி நேரம். அங்க புதுசா பி.ஏ. பரதநாட்டியம் ஆரம்பிச்சிருந்தாங்க. போயிப் பாத்தா, அடேங்கப்பா, ஆடிட்டோரியம்னா அது ஆடிட்டோரியம். மேல இருந்து மாலை மாதிரி ஸ்பீக்கரு தொங்குது. மிக்சர் போர்டு எங்கூட்டுக் கட்டில் அளவு. அதுல நிக்கற பையன் என்னையத் தொட்டுப் பாக்கவும் வுட்டான். நான் ஒரு பட்டனை லேசாத் திருகறேன், மண்டபத்துல ஒரு உறுமல் பாருங்க, பிரின்சிபால் மேடமே திரும்பிப் பாத்துட்டாங்க.

பிரின்சிபால் மேடம் நல்லாப் பேசுனாங்க. 'வருசம் பூராம் எங்க பிள்ளைங்களுக்கு ஸ்டேஜுதாங்க. கடை திறப்பு விழாவா, மந்திரி வர்ற விழாவா, வரவேற்பு நடனம் நம்ம பிள்ளைங்கதான்'னாங்க. நான் கேட்டேன், 'பேரண்ட்ஸ் சவுண்ட் ரூமுக்கு வரலாங்களா?'ன்னு. அவங்களுக்கு முதல்ல புரியல. புரிஞ்சப்பறம், 'தாராளமா வாங்க, எங்களுக்கும் ஒரு ஆள் மிச்சம்'னாங்க. எனக்கு அங்கயே முடிவாயிருச்சு.

எம் பொண்ணு அங்க டான்ஸ் சொல்லிக்குடுக்கற மேடத்துகிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. 'நட்டுவாங்கம் யாருங்க மேடம் சொல்லித் தருவாங்க?' நட்டுவாங்கம்னா தம்பி, பக்கத்துல உக்காந்து தாளம் தட்டி, சொல்லுக்கட்டு சொல்லி ஆட வெப்பாங்களே, அது. அந்த மேடம், 'அதெல்லாம் சூப்பர் ரெக்கார்டிங்கா வாங்கி வெச்சிருக்கோம்மா'ன்னாங்க. இவ 'செரிங்க மேடம்'னுட்டா. வர்ற வழியில கரும்பு ஜூஸ் வாங்கிக் குடுத்தேன், பாதி குடிச்சுப்போட்டு வெச்சுட்டா. சந்தோசத்துல எறங்கலையாட்ட இருக்குதுன்னு நான் நெனைச்சுக்கிட்டேன்.

இன்னொரு காலேஜ், சின்னதுல இருந்து அவளுக்கு டான்ஸ் சொல்லிக்குடுத்த சங்கரி டீச்சர் சொன்னது. கும்பகோணம் தாண்டி ஒரு ஊரு. பஸ்ல போனா பாதி நாள். எனக்கு இஷ்டமே இல்லை. ஆனா டீச்சர் சொன்னதுக்கு மரியாதைக்காவது ஒருதடவை போயி வந்துறலாம்னு கூட்டிட்டுப் போனேன். அங்க மார்க்கு மட்டும் பத்தாது, ஆடிக் காட்டோணும். நான் சும்மா போவனா? பையில ரெண்டு பென்டிரைவு, ஒயரு, அந்த ஒயரு சேரலைன்னா சேக்கறதுக்கு இன்னொரு ஒயரு, ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரு, எல்லாம் எடுத்துக்கிட்டுத்தான் போனேன்.

மங்களா மேடம்னு ஒருத்தங்கதான் ஆடச்சொல்லிப் பாக்கறவங்க. சின்ன வயசுதான். இவ பேரைக் கூப்புட்டாங்க, நானும் பின்னாடியே உள்ள போனேன்.

'பேரண்ட்ஸ் வெளியில இருக்கலாம் சார்.'

'பாட்டு யாருங்க போடறது?'

'பாட்டு வேணாம் சார்.'

'இல்லீங்க மேடம், பென்டிரைவு இருக்குது. அது எடுக்கலைன்னா இன்னொண்ணு இருக்குது. ரெண்டும் எடுக்கலைன்னா போன்ல இருக்குது. உங்ககிட்ட ஸ்பீக்கர் இல்லைன்னா நானே கொண்டாந்திருக்கேன். சார்ஜு ஃபுல்லு.'

அந்தம்மா என் பையைப் பாத்தாங்க, என்னையப் பாத்தாங்க. சிரிப்பை அடக்கிக்கிட்டு, 'எல்லாத்தையும் பத்திரமா வச்சுக்கங்க சார். அந்த மரத்தடியில காத்து நல்லா வரும்'னாங்க. எம் பொண்ணு தலையைக் குனிஞ்சுட்டு நிக்கறா. பாவம், பாட்டு இல்லாம எப்படி ஆடறதுன்னு பயம்.

நான் மரத்தடிக்குப் போகலீங்க. ஜன்னல்ல ஒரு கதவு தொறந்திருந்துச்சு. ஒட்டுக்கேக்கறதுக்கு இல்லை, புள்ளைக்கு ஏதாவது தேவைப்படுமேன்னு நின்னேன். உள்ள ஒரு வசதி இல்லீங்க தம்பி. ஒரு ஃபேனு. ஒரு பாயி. அந்தம்மா முன்னாடி ஒரு மரப்பலகை, கையில ஒரு குச்சி. தட்டுக்கழிம்பாங்க. பலகையில டொக்கு டொக்குன்னு தட்டறாங்க, வாயில தை தைன்னு சொல்றாங்க. அதுதான் மொத்த மியூசிக்கே. ஒரு காலேஜ் நடத்தறவங்களுக்கு ஒரு ஸ்பீக்கர் வாங்க முடியாதா?

முதல்ல மெதுவாத் தட்டுனாங்க. அப்பறம் வேகமா. அப்பறம் அதுக்கும் வேகமா. எம் பொண்ணு அத்தனை வருசமும் ரெக்கார்டிங் டிராக்குக்கு ஆடுனவ. அந்த மூணாவது வேகத்துல காலு பின்னிருச்சு. நின்னுட்டா. அவளும் வழக்கம் போல ஓரத்துல திரும்பிப் பாக்கறா. அங்க செவுருதான் இருக்குது. நான் இந்தப் பக்கம் ஜன்னல்ல நிக்கறேன். அப்பறம் அந்தம்மாவைப் பாத்தா. பாத்துச் சிரிச்சா. தப்புப் பண்ணிப்போட்டுச் சிரிக்கறா பாருங்க. ஸ்டேஜுல அவ சிரிக்கறது எனக்குத் தெரியும், டீச்சர் சொல்லிக்குடுத்த சிரிப்பு, பாட்டு ஆரம்பிச்சா வரும், முடிஞ்சா போயிரும். இது அது இல்லை. ஊட்ல அவங்க அம்மாகூடப் பேசிக்கிட்டு இருக்கறப்ப சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. அந்தம்மாவும் சிரிக்கறாங்க. மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க.

அப்பறம் அந்தம்மா, 'நீயே பாடிக்கிட்டு ஆடும்மா'ன்னாங்க. பாடறதுக்குக்கூட அங்க ஆளு வெச்சுக்கலையாட்டம் இருக்குது. எம் பொண்ணே பாடுனா. நல்லாத்தான் பாடுனா. அவ பாடுவான்னு எனக்குத் தெரியாதுங்க தம்பி. மூணு வருசமா சங்கரி டீச்சர்கிட்டக் கத்துக்கிட்டாளாம். ஊட்லயும் பாடிப் பாடித்தான் பழகுவாளாம். வளர்மதிக்குத் தெரிஞ்சிருக்குது. எங்கூட்டுக்காரிங்க, வளர்மதி. எனக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னா, ஊட்ல எந்நேரமும் நான் டிராக்கை ஓடவுட்டிருப்பேன், அந்தச் சத்தத்துல கேக்கலையோ என்னமோ.

முடிஞ்சு வெளிய வந்ததும் அந்தம்மா, 'சீட்டு உண்டு சார், நல்லா வருவா'ன்னாங்க. நான் கேட்டேன், 'வருசத்துக்கு எத்தனை புரோகிராமுங்க மேடம்?'

'முதல் ரெண்டு வருஷம் மேடை கெடையாது சார்.'

'கெடையாதுன்னா?'

'ஏத்த மாட்டோம். படிக்கணும்ல?'

நீச்சல் சொல்லித் தர்றோம், தண்ணிக்குள்ள வுடமாட்டோம்னா எப்படி இருக்கும்? பஸ்ல வர்ற வழி பூராம் நான் சொல்லிக்கிட்டே வந்தேன். அங்க ஸ்பீக்கர் இல்லை கண்ணு. ஆமாப்பா. ஸ்டேஜு இல்லை. ஆமாப்பா. பேரண்ட்ஸ உள்ள வுடமாட்டேங்கறாங்க. ஆமாப்பா. எல்லாத்துக்கும் ஆமாங்கறா. நான் சொல்றது அவளுக்கும் மனசுல பட்டிருச்சுன்னு நெனைச்சேன். திருச்சி வர்றப்ப பாத்தா, ஜன்னல் கம்பியில விரலால தட்டிக்கிட்டு என்னமோ முணுமுணுத்துக்கிட்டே வர்றா.

ஊட்டுக்கு வந்து, 'பைபாஸ் காலேஜ்லயே சேத்தறலாம்'னேன். அப்பத்தான் வாயைத் தொறந்தா. 'இல்லப்பா, நான் கும்பகோணந்தான் போறேன்'னு. எனக்கு ஆச்சரியமாப் போச்சு. ஒரு வாரம் எங்கூட்ல இதே பேச்சுத்தான். நான் ஹாஸ்டல் சாப்பாடுன்னேன், கொசுன்னேன், தண்ணி ஒத்துக்காதுன்னேன். அவ ஒண்ணொண்ணுக்கும் பதில் வெச்சிருந்தா. கடைசியில, 'உனக்கு அங்க யாரு பாட்டுப் போடுவா?'ன்னு கேட்டுட்டேன்.

எங்கூட்டுக்காரி அடுப்படியில இருந்து எட்டிப் பாத்து, 'ஏனுங்க, படிக்கப் போறது அவளா, நீங்களா?'ன்னா. நல்லாக் கேட்டா போங்க. அவளுக்கு இந்தச் சவுண்டு விசயமெல்லாம் தெரியாது.

எம் பொண்ணு வந்து எம் பக்கத்துல உக்காந்தா. 'அப்பா, சேலத்துல சலங்கை அந்துபோனப்ப நான் உங்களைப் பாத்தனே, எதுக்குன்னு தெரியுமா?'ன்னா.

'தெரியும் கண்ணு. ஆடட்டுமா வேண்டாமான்னு கேட்டே. நான் ஆடுன்னேன்.'

'இல்லப்பா. நிறுத்துங்கன்னு பாத்தேன்.'

'நிறுத்துனா அவுட்டு, அம்மிணி.'

'தெரியும்பா. உங்க மேல தப்பு இல்லை. அந்தப் பாட்டை யாராலயும் நிறுத்த முடியாது. நான் எங்க நின்னாலும் அது போயிக்கிட்டே இருக்கும், நான்தான் ஓடிப் புடிக்கோணும். ஆடறப்ப எல்லாம் எனக்கு அந்த ஓட்டந்தான்பா மனசுல இருக்கும். அன்னிக்கு அந்த மேடம் முன்னாடி காலு பின்னுச்சில்ல, அவங்க குச்சியை மேல தூக்குனவங்க அப்படியே வெச்சிருந்தாங்க. நான் காலெடுத்து வெச்சதுக்கு அப்பறம்தான் தட்டுனாங்க. எனக்காக நின்னாங்கப்பா. எனக்கு அங்க படிக்கோணும்.'

அந்த மேடத்துக்கு என்னங்க, நம்பர் கூப்புடறதா, டைம் முடியறதா, நிக்கலாம். இங்க போட்டியில நிக்க முடியுமா? அதைச் சொல்லலாம்னு வாயெடுத்தேன். புள்ள மூஞ்சியைப் பாத்ததும் சொல்ல வரல.

செரி போன்னுட்டேன். எல்லாரும் சிகாமணி, பொண்ணுக்கு வளைஞ்சு குடுத்துட்டான்னு நெனைச்சாங்க. இல்லீங்க. நான் ஒரு கணக்குப் போட்டேன். எம் பொண்ணு ஸ்டேஜு இல்லாம இருக்கமாட்டா. ஸ்பீக்கர் சத்தம் கேக்காம அவளுக்குத் தூக்கம் வராது. ஆயுத பூஜைக்குள்ள பொட்டியைக் கட்டிக்கிட்டு வந்துருவா. பைபாஸ் காலேஜ் பிரின்சிபால்கிட்டயும் போயிச் சொல்லி வெச்சேன், 'ஒரு சீட்டை அப்படியே வெச்சிருங்க மேடம், எம் பொண்ணு வந்துருவா'ன்னு. பாவம், அந்தம்மா ஆவணி வரைக்கும் வெச்சிருந்தாங்க.

ஆயுத பூஜை வந்துச்சு. அவ வரல. போன் பண்ணுவா. 'அப்பா, இன்னிக்கு நானே தட்டுக்கழி தட்டி மூணு பேரை ஆட வெச்சேன்'னுவா. 'சாப்ட்டியா'ம்பேன். 'அப்பா, இன்னிக்கு ஒரே ஒரு அடவையே ரெண்டு மணி நேரம் பண்ணுனோம்'னுவா. 'பாவம் கண்ணு'ம்பேன். அவ சிரிப்பா. ஊடு வெறிச்சுன்னு போச்சுங்க தம்பி. சொல்றதுக்கு என்ன, எனக்குத்தான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. வளர்மதி பக்கத்தூட்டுக்காரங்களோட கோயிலு குளம்னு போயிருவா. எனக்கு ஞாயித்துக்கிழமை ஆனா கை பரபரங்கும். எங்கயோ ஒரு குழந்தை கும்புட்டு நிக்கற மாதிரியே இருக்கும். அப்பறம் சங்கரி டீச்சர்தான், 'சும்மா இருந்தா இங்க வாங்களேன், சின்னப் பிள்ளைங்களுக்கு உதவியா இருக்கும்'னாங்க. வந்துட்டேன்.

இருங்க, அந்தப் பச்சைப் பாவாடைக் குழந்தை ஆடட்டும். பரவால்ல, நல்லா ஆடுது. இன்னும் மூணு நம்பர்தான் உங்களுக்கு. பதறாதீங்க, சொல்லி முடிச்சிருவேன்.

பொங்கல் கழிச்சு அங்க இருந்து கூப்புட்டாங்க. வருசத்துல ஒருநாள் முதல் வருசப் பிள்ளைங்க படிச்சதைப் பெத்தவங்களுக்கு மட்டும் ஆடிக் காட்டுவாங்களாம். ஸ்டேஜு இல்லீங்க, அதே கூடத்துல, தரையில. நானும் வளர்மதியும் போனோம். பையை எடுத்துக்கிட்டேன். 'அது எதுக்குங்க?'ன்னா. இருக்கட்டும்னேன்.

போயிப் பாத்தா அதே ஃபேனு, அதே பாயி. இந்தத் தடவை ஒரு மிருதங்கம் கூட. நாங்க போனப்பவே ஆரம்பிச்சிருந்தாங்க. நான் உள்ள போனதும் என் காலு தானா ஓரத்துக்குப் போயிருச்சு. தூணு பக்கத்துல நின்னுக்கிட்டேன். ஒரு பிள்ளை, கூடப் படிக்கறவ, வந்து, 'அங்கிள், அடுத்தது நித்திலாதான். முன்னாடி உக்காருங்க'ன்னா. 'இங்கயே இருக்கேன் கண்ணு'ன்னேன். 'இங்க இருந்து ஒண்ணுமே தெரியாது அங்கிள்'னு சொல்லிக் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயி நடுவுல உக்கார வெச்சுட்டா. முதல் வரிசை. சம்மணம் போட்டு உக்காந்திருக்கேன். கையை எங்க வெக்கறதுன்னு தெரியல.

எம் பொண்ணு வந்தா. நின்னா. பாட்டு ஆரம்பிச்சாச்சு, ஆடறா.

தம்பி, நான் ஒண்ணு சொல்றேன், சிரிக்கக்கூடாது. அத்தனை வருசத்துல எம் பொண்ணு ஆடறதை நான் முன்னாடி இருந்து பாத்ததே இல்லீங்க. ஓரத்துல நிக்கறவனுக்கு என்ன தெரியும்? ஒரு காது தெரியும், ஒரு கம்மல் தெரியும், ஒரு பக்கத்துக் கை தெரியும். வீடியோ இருக்குது, வளர்மதி எடுப்பா, பாதி நேரம் முன்னாடி உக்காந்தவர் தலைதான் இருக்கும். ஊட்லயும் நான் ஸ்பீக்கர்கிட்டத்தான். அன்னிக்குத்தான் மொத மொதல்ல முழு மூஞ்சியும் பாக்கறேன். அது ஒரு தாய் குழந்தையைக் கூப்புடற பதம், அபிநயப் பாட்டு. வா வான்னு ரெண்டு கையையும் நீட்டிக் கூப்புடறா. கண்ணு நேரா எம் மேல. இவ இத்தனை வருசமும் இப்படித்தான் கூப்புட்டுக்கிட்டு இருந்திருக்கா. முன்னாடி உக்காந்திருந்த ஊரு சனமெல்லாம் பாத்திருக்குது. நான் பாக்கல. எனக்கு அப்ப வந்த சந்தோசத்தைச் சொல்லத் தெரியலைங்க தம்பி. வளர்மதி என்னைய ஒருதடவை திரும்பிப் பாத்தா.

ஆனா ஒண்ணு. பின்னாடி உக்காந்தவங்களுக்குப் பாட்டு சரியாக் கேக்கலைங்க. அதை நான் மங்களா மேடத்துகிட்டச் சொல்லிப்போட்டுத்தான் வந்தேன். 'ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் நானே கட்டித் தர்றேங்க மேடம்'னேன். 'பாக்கலாம் சார்'னாங்க. அடுத்த வருசம் ஒத்துக்குவாங்க, எனக்கு நம்பிக்கை இருக்குது.

கேட்டுச்சுங்களா? மிதுனா பேரைத்தான் கூப்புடறாங்க. எந்திரிங்க. அதோ, பாப்பா அம்மா கையைப் புடிச்சுக்கிட்டு படியேறுது பாருங்க, சலங்கை கொஞ்சம் பெருசா இருந்தாலும் நடை ஜோரா இருக்குது. பென்டிரைவை இப்படிக் குடுங்க. நீங்க எதுக்கு இங்க நிக்கறீங்க? இந்தப் படியில எறங்கி முன்னாடி போங்க, ஜட்ஜுகளுக்குப் பின்னாடி வரிசையில ஒரு சேரு காலியா இருக்குது, உங்களை மாதிரி அப்பனுகளுக்குன்னு துண்டு போட்டு வெச்சிருக்கேன். சீக்கிரம் போங்க தம்பி. பாட்டை நான் பாத்துக்கறேன், நீங்க போயி புள்ளையைப் பாருங்க.